நல்லூர்ல ரெண்டு ஏக்கர்... ரெண்டு குதிரை!

'வேலையும் வேணாம், டிராஃபிக்கும் வேணாம்... ஊர்ப் பக்கம் போய்க் குதிரை வளர்க்கலாம்!' என்று கனவு காணும் கணவன்மார்களுக்கும், அந்தக் கனவைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவிமார்களுக்கும்...

விருத்தாசலம் வட்டாரத்தில் குடும்பத்தோடும் குதிரைகளோடும் நிம்மதியாகக் குடியிருக்கிறவர் யார் தெரியுமா? ஐயனார்!

ஊர் எல்லையில் காற்றோட்டமான இடம். இருபக்கமும் பூரணி, புஷ்கலை. எதிரே கம்பீரமாக மண் குதிரைகள். வாடகை கிடையாது, இ.எம்.ஐ. கிடையாது. அவர் குதிரைகளிடம் இன்னொரு பெரிய சௌகரியம். தீனி கேட்காது, லத்தி போடாது, ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலி என்று புரளாது.

மனுஷப் பிறவிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நம்ம ஆள் ஒருத்தரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான். ஆனால், உங்கள் ஆபீஸில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சொந்த ஊர் விருத்தாசலத்தை அடுத்த நல்லூர்ப் பக்கம். பிழைப்பு சென்னையில். கம்ப்யூட்டர் திரையில் பிடரி பறக்க ஓடும் வெள்ளைக் குதிரை. எழும்பூரில் ரயிலேறி விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கும்போதெல்லாம் மனசுக்குள் டக் டக் டக் என்று குளம்புச் சத்தம். அப்பா வைத்துவிட்டுப் போன 2 ஏக்கர், ஒரு கிணறு, நாலு முந்திரி மரம். போதாதா?

கல்யாணமான புதுசில் சொன்னபோது மனைவி ரசித்தாள். பத்து வருஷம் கழித்து, "பி.எஃப். பணத்தை எடுத்துடலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"என்னங்க, குதிரை சரி... லத்தியை யாரு அள்றது?"

"அதுக்கு ஆள் வெச்சுக்கலாம்மா."

"பாத்திரம் தேய்க்கவே ஆள் கிடைக்கல. குதிரைக்கு மட்டும் கியூவுல நிப்பாங்களா?"

லத்தி சார்ஜ் என்றால் இதுதான்!

சிரிக்க வேண்டாம், சார். குதிரைப் பண்ணைக் கனவு ஜெயிப்பதும் தோற்பதும் இந்த ஒரு கேள்வியில்தான். பணத்தில் கூட இல்லை. இது இன்று நேற்று வந்த பிரச்னையும் இல்லை. நம்ம ராஜாக்களே இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள்!

சர்வீஸ் சென்டர் இல்லாத வண்டி

குதிரை வாங்கப் போய் ஆடிட்டில் மாட்டிக்கொண்ட முதல் அரசு ஊழியர் மாணிக்கவாசகர்தான். பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய கஜானாப் பணத்தை அவர் திருப்பெருந்துறையில் கோயில் கட்டச் செலவழித்துவிட்டார். கணக்குக் கேட்ட நேரத்தில் சிவபெருமானே நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்தார். ராத்திரியே அவை மறுபடி நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிவிட்டன என்பது திருவிளையாடல். ஆபீஸ் பணத்தில் கை வைக்கிறவர்களுக்கெல்லாம் சிவபெருமான் வருவார் என்று நம்ப வேண்டாம்.

புராணத்தை விடுங்கள். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பதைக் கேளுங்கள். பாண்டிய நாட்டுக்கு அரேபியா, பாரசீகப் பக்கமிருந்து வருஷத்துக்கு 2000-க்கும் மேற்பட்ட குதிரைகள் கப்பலில் வந்து இறங்கும். விலை கொட்டிக் கொடுக்கும் பொன். ஆனால், வருஷக் கடைசியில் பார்த்தால் 100 கூட மிஞ்சாதாம்! பராமரிக்கத் தெரியவில்லை. சோற்றையும் கறியையும் வேகவைத்துப் போட்டார்கள் என்கிறார். லாடக்காரர்களை இங்கே வரவிடாமல் குதிரை வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதுகிறார். குதிரைகள் செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! வண்டியை விற்றுவிட்டு சர்வீஸ் சென்டரை மூடி வைக்கிற வித்தை அன்றைக்கே இருந்திருக்கிறது.

கடலூர் மாவட்டத்துக்காரரிடம் குதிரை என்று சொன்னால், அடுத்த வார்த்தை 'தேசிங்கு ராஜன்' என்று வரும். செஞ்சி ஒன்றும் அதிக தூரமில்லையே! ஆற்காடு நவாபை எதிர்த்து 1714-ல் போர்க்களத்தில் செத்துப்போன அந்த இளைஞன், டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கினான் என்று கதைப்பாடல் சொல்கிறது. சரி, அடக்கியது ஒருநாள் கூத்து. மறுநாள் காலையில் அந்தக் குதிரைக்குப் புல் அறுத்துப் போட்டவன் எந்தப் பாட்டில் வருகிறான்?

நம்ம ஆள் தேசிங்காகத்தான் கனவு காண்கிறார். நல்லூரில் காலியாக இருப்பது புல் அறுப்பவன் வேலை!

மூன்று டன் தீனி

ஆபீஸ்காரர்களுக்குக் கணக்கு பிடிக்கும். போட்டுப் பார்ப்போம்.

நடுத்தரமான ஒரு சவாரிக் குதிரை 400 கிலோ என்று வையுங்கள். அதன் எடையில் சுமார் 2 சதவிகிதம் தினசரி காய்ந்த தீனி வேண்டும். அதாவது 8 கிலோ. வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 3 டன்! பச்சைப் புல்லாகப் போட்டால் அதில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே, நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் அறுக்க வேண்டும். தண்ணீர் 25-லிருந்து 40 லிட்டர். கத்திரி வெயிலில் இன்னும் கூடும். இந்தப் பக்கம் உள்ளே போனால் அந்தப் பக்கம் வெளியே வர வேண்டுமே... லத்தி தினம் 15 கிலோவுக்குக் குறையாது. வருஷத்துக்கு 5 டன்னுக்கு மேல். இது ஒரு குதிரைக்கு. நம்ம ஆளுக்கு ரெண்டு வேணுமாம்!

'மாடு வளர்த்த குடும்பம்தானே, இதென்ன பிரமாதம்' என்று நினைத்தால் அங்கேதான் சறுக்கல். மாடு அவசரமாகத் தின்றுவிட்டு அப்புறம் படுத்து அசைபோடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. ஒற்றை வயிறு, அதுவும் உடம்புக்குச் சின்னது. காட்டில் விட்டால் ஒரு நாளில் 14, 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டே இருக்கும். வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. தப்பான தீனி உள்ளே போனால் வந்த வழியே திரும்பாது. வயிற்றுவலியில் காலால் தரையைப் பறிக்கும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், வியர்த்துக் கொட்டிப் புரளும். டாக்டர் வரத் தாமதமானால் உயிருக்கே ஆபத்து. 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பார்களே... குதிரை மண்ணைப் பறித்தால் அது கிண்டல் இல்லை, உதவி கேட்கிறது என்று அர்த்தம்.

'கொள்ளு இருக்கே!' என்பீர்கள். இருக்கிறது. ஊறவைத்து அல்லது வேகவைத்து அளவாகக் கொடுக்கலாம். ஆனால் முதல் பந்தி புல்லுக்குத்தான். தவிட்டை மட்டும் கொட்டினால் உடம்பில் சுண்ணாம்புச் சத்து குறைந்து முக எலும்பே உப்பிவிடும். மாட்டுக்கும் கோழிக்கும் தீனியில் கலக்கிற மொனென்சின் என்ற மருந்து குதிரைக்கு எமன். அதனால் மாட்டுத் தீவன மூட்டையை அவசரத்துக்குப் பிரித்துப் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

நல்லூர்ப் பக்கத்துக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. விருத்தாசலம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பேர் போனது. இங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் நிலக்கடலை, முந்திரி ரகங்களையே உருவாக்கி இருக்கிறார்கள். காய் பறித்த பிறகு மிஞ்சுகிற கடலைக்கொடியை நன்றாகக் காயவைத்தால் குதிரைக்கு விருந்து. ஆனால், பூசணம் பிடித்த கொடி விஷம். மண்ணோடு தரையில் போட்டால், மண் குடலில் தங்கி மறுபடியும் வயிற்றுவலி. உதறி, உயரமான தொட்டியில் போட வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சம் குதிரையை என்ன பாடு படுத்தும் என்பதை யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவில் பார்க்கலாம். அந்நியர் ஆட்சிக் காலத்தில் கொண்டுவரப்பட்ட குதிரைகளின் வாரிசுகள் அங்கே சொந்தக்காரன் இல்லாமல் சுதந்திரமாகத் திரிகின்றன. போட்டோவில் பார்த்தால் சொர்க்கம். கோடையில் குட்டைகள் வற்றும்போது தாகத்தில் தவிக்கின்றன. சுதந்திரத்தைத் தொட்டியில் ஊற்றிக் குடிக்க முடியாதே!

சுழி பார்க்கவா, குளம்பு பார்க்கவா?

தமிழ்நாட்டில் குதிரை பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் போக வேண்டும். குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் சந்தையில் மாடுகளோடு குதிரைகளும் களைகட்டும். காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கிற மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள், நாட்டுக் குதிரைகள், குள்ளமான மட்டக்குதிரைகள் எல்லாம் வரும். நல்ல மார்வாரி என்றால் விலை லட்சங்களில் பேசுவார்கள்.

சந்தையில் சுழி சாஸ்திரம் பெரிசாக ஓடும். நெற்றியில் இந்தச் சுழி இருந்தால் ராஜயோகம், கழுத்தில் அந்தச் சுழி இருந்தால் குடும்பம் காலி என்று அடித்துச் சொல்வார்கள். நாலு காலும் முகமும் வெள்ளையாக இருந்தால் பஞ்சகல்யாணி. நம்பிக்கை இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால், அதற்கு முன்னால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். தூக்கவிடுகிறதா, வெடிப்பு இருக்கிறதா, அழுகின நாற்றம் அடிக்கிறதா? பல்லைப் பாருங்கள். 5 வயசுக்குள் முன்பற்கள் எல்லாம் பால்பல் விழுந்து முளைத்திருக்கும். அதற்கு மேல் வயசைப் பல் தேய்மானத்தை வைத்துத் தெரிந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

முதன்முதலாக வாங்குகிறவர் ஆண் பொலிகுதிரையின் அழகில் மயங்கக் கூடாது. ரேஸில் ஓய்வு பெற்ற குதிரை சல்லிசாக வருகிறதென்று தரகர் சொன்னாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கேட் திறந்ததும் பாயப் பழகின ஜாதி அது. உங்கள் வீட்டு கேட்டும் கேட்தானே! காயடித்த குதிரையோ, சாதுவான பெட்டைக் குதிரையோ, 8-லிருந்து 12 வயசுக்குள் இருந்தால் உத்தமம். துடிப்பானது நமக்கு வேண்டாம், பொறுமையானது போதும். மாப்பிள்ளை பார்த்த அனுபவம் உள்ள மாமனார்களைக் கேட்டால் இதையேதான் சொல்வார்கள்.

டாக்டரை வைத்துப் பரிசோதிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. முக்கியமாக 'கிளாண்டர்ஸ்' நோய்க்கு ரத்தப் பரிசோதனை. மனுஷனுக்கும் தொற்றுகிற கொடிய நோய் அது. ரண ஜன்னிக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள்.

குளம்பு நம்ம நகம் மாதிரி. வளர்ந்துகொண்டே இருக்கும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும், தேவைப்பட்டால் லாடம் அடிக்க வேண்டும். மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர்களே ஊர்ப் பக்கம் அருகிப்போன காலம் இது. மாட்டு லாடம் வேறு, குதிரை லாடம் வேறு. குதிரைக்கு முன்னால் லாடக்காரரைத் தேடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாண்டிய மன்னன் செய்யாமல் விட்டது அதுதான்.

ஒற்றைக் குதிரை ஆகாது

நம்ம ஆள் 'ரெண்டு குதிரை' என்று சொன்னது ஆசையில்தான். ஆனால், அதில் நியாயமும் இருக்கிறது. குதிரை கூட்டத்தோடு வாழ்கிற பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் மரத்தைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே இடமும் வலமுமாக ஆடிக்கொண்டிருக்கும். இன்னொரு குதிரைக்கு வசதி இல்லையென்றால் ஒரு பசுவோ ஆடோ துணைக்கு வேண்டும். தனிக்குடித்தனம் ஒத்துவராத ஒரே ஜீவன்!

இடமும் யோசித்து அமைக்க வேண்டும். ஒரு குதிரைக்கு லாயத்தில் 12 அடிக்கு 12 அடி இடம் வேண்டும். மேட்டு நிலமாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சேற்றிலேயே நின்றால் குளம்பு அழுகும். 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் அடித்தபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. அப்பேர்ப்பட்ட காற்றில் தகரக் கூரை ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தால் அது கத்திதான். முந்திரித் தோப்புக்குப் போடுகிற முள்கம்பி வேலியும் ஆகாது. மிரண்டால் குதிரை கண்ணை மூடிக்கொண்டு பாயும். தோல் கிழிந்து தொங்கும்.

வானத்துப் பண்ணை

கனவை நனவாக்கிய ஜோடி யாருமே இல்லையா? உலகத்துக்கே தெரிந்த ஒரு ஜோடி உண்டு. ரொனால்ட் ரீகன் - நான்சி. கலிபோர்னியாவில் சாந்தா பார்பரா பக்கத்து மலைமேல் 1974-ல் 688 ஏக்கர் வாங்கினார்கள். ரீகனுக்கு அப்போது 63 வயசு. 'வானத்துப் பண்ணை' என்று அர்த்தம் வரும்படி ஸ்பானிஷில் பேர். வீடு என்னவோ 1870-களில் கட்டின சின்ன மண்கல் வீடுதான். வேலி போட்டதும் விறகு வெட்டினதும் பெரும்பாலும் ரீகனே. அப்புறம் 1981-ல் அமெரிக்க ஜனாதிபதியானபோதும், லீவு கிடைத்தால் குதிரைச் சவாரிக்கு அங்கேதான் ஓட்டம்.

முடிவையும் கேளுங்கள். பதவி முடிந்த 1989-ம் வருஷம், ஜூலையில் மெக்சிகோவில் குதிரையிலிருந்து விழுந்தார். மூளையில் ரத்தம் கட்டி செப்டம்பரில் ஆபரேஷன். 1994-ல் தனக்கு அல்சைமர் என்று ஊருக்கே கடிதம் எழுதினார். சவாரி நின்றது. 1998-ல் பண்ணை விற்கப்பட்டது.

இதில் நமக்கு இரண்டு பாடம். ஒன்று, ஹெல்மெட். பைக்குக்குப் போடாமல் போலீஸிடம் தப்பிக்கலாம், குதிரையிடம் முடியாது. இரண்டாவது, வயசு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் வாழும். 'ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்' என்று 60-ல் இளங்குதிரை வாங்கினால், அதற்கு வயசாகும்போது உங்களுக்கு 85. அப்போது அதை யார் பார்ப்பார்கள்? துபாயில் இருக்கிற பையனா? கை மாறி, கை மாறி, கடைசியில் எலும்பும் தோலுமாக எவன் வாசலிலோ நிற்கும். நம்ம ஆசை தோற்றால் நமக்கு நஷ்டம் கொஞ்சம் பணம். அதற்கு நஷ்டம் மொத்த ஆயுசும்.

அப்போ கனவை மூட்டை கட்டிடலாமா?

கூடவே கூடாது! வரிசையை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் குதிரை இல்லை. ஒரு மாசம் ஏதாவது ஒரு சவாரிப் பள்ளிக்குப் போங்கள், இரண்டு பேரும். சவாரி கற்பதற்கு முன்னால் லாயம் கூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். விடிகாலை 5 மணிக்கு லத்தி அள்ளி, தண்ணீர்த் தொட்டி கழுவி, நாலு குளம்பையும் சுத்தம் செய்த பிறகும் ஆசை மிச்சமிருந்தால் அது நிஜ ஆசை.

அடுத்தது, நல்லூரில் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் குதிரை இல்லாமல் குடியிருங்கள். கிணறு சித்திரையில் என்ன சொல்கிறது, கார்த்திகையில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று நிலமே சொல்லும். அந்த வருஷத்தில் புல் வளர்த்துவிடுங்கள். அறுகம்புல் அருமையான தீனி. பிள்ளையாருக்கும் ஆச்சு, குதிரைக்கும் ஆச்சு. குதிரை பார்க்கத் தெரிந்த டாக்டர், லாடக்காரர், ராத்திரியில் போனை எடுக்கிற ஒரு பக்கத்து வீட்டுக்காரர், மூன்று பேரும் கிடைத்த பிறகு லாயம். லாயத்துக்குப் பிறகு குதிரை.

பி.எஃப். பணம் முழுசையும் இதில் போடாதீர்கள். சின்னக் குதிரைப் பண்ணை சோறு போடாது, சோறு கேட்கும். கடலையும் முந்திரியும் பசுவும் வீட்டைப் பார்க்கட்டும். லத்தியை மக்க வைத்தால் அந்தக் கடலைக்கு உரம். அந்தக் கடலைக்கொடி மறுபடி குதிரைக்கு. அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தால், நீங்கள் ஊரில் நிலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். குதிரை யாரைப் பார்த்துக் கனைக்கும் என்று நினைக்கிறீர்கள்? இருபது வருஷம் கனவு கண்டவரைப் பார்த்தா? ஊஹூம். காலையில் தீனி வாளியோடு வருகிறவரைப் பார்த்துத்தான்! 'லத்தியை யாரு அள்றது?' என்று கேட்டாளே, அந்த அம்மாதான் இந்தக் கனவை ஒழுங்காகப் புரிந்துகொண்ட முதல் ஆள். அந்தக் கேள்விக்கு, "நான் அள்றேன்... நீ தண்ணி காட்டு" என்று பதில் சொல்லத் தெரிந்தால் போதும்.

அப்புறமென்ன, எழும்பூரில் டிக்கெட் எடுங்க, சார்... ரெண்டு டிக்கெட்!